லாரி அடித்துச் செத்த வில்லன்

தங்கபுஷ்பம் செத்து, தலைத்திவசம் வருவதற்கு முன்பே திரும்பி வந்தாள் என்றால் அதற்குக் காரணம் புருஷன் மேல் இருந்த பாசமும் இல்லை, பாதியில் விட்டுவிட்டுப் போன குடும்பமும் இல்லை. சூரியவேல் படம் ரிலீஸ், அவ்வளவுதான். வேறு எதற்குக் கூப்பிட்டிருந்தாலும் அவள் வந்திருக்க மாட்டாள் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் அவள் வந்ததைப் பார்த்து யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை.

மாவு மில் பெத்துராஜ் பெண்சாதி என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டி விரல் காய்த்துப் போனவள், புயல் சூரியவேல் ரசிகர் மன்றத்தின் மகளிர் அணித் தலைவி, அந்த அணியில் அவளைத் தவிர இன்னொரு ஆள் கிடையாது என்பது வேறு விஷயம். சூரியவேல் தாதாவாக நடித்த படம் என்றால் முதல் நாள் முதல் ஷோவுக்கு ஆம்பிளைப் பயல்களோடு பயலாக இடித்துக்கொண்டு உள்ளே போய், ரெண்டு விரலை மடக்கி நாக்குக்கடியில் கொடுத்து அவள் விசிலடித்தால் ஜோதி விலாஸ் தியேட்டரின் கூரையில் அடைந்திருக்கும் புறாக்கள் அத்தனையும் எழும்பிப் போய் மாரியம்மன் கோயிலில் உட்காரும்.

பெத்துராஜ் அதற்கு நேர் எதிர். அவன் மில்லில் மிளகாய் அரைக்கிறபோது தெருவே தும்மும், அவன் மட்டும் கண்ணில் தண்ணீர் வராமல் நிற்பான். சினிமா என்றால் அவனுக்குத் தூக்கம். கல்யாணமான புதுசில் அவள்தான் அவனை இழுத்துக்கொண்டு போனாள். படம் முடிந்து டிவிஎஸ்ஸை ஸ்டார்ட் பண்ணும்போது, "எப்படிங்க இருக்கு படம்?" என்று அவள் ஆசையாகக் கேட்டதற்கு, "இது என்ன கண்றாவி? ஒத்த ஆளு நாப்பது பேரை அடிக்கான், அவனுக்குச் சட்டை கசங்கல" என்று சொல்லித் தொலைத்தான். அன்று பிடித்தது சண்டை. பின் சீட்டில் இருந்தபடி அவன் முதுகில் குத்திக் குத்தி அவள் தலைவனுக்காக வாதாட, இவன் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஓட்டை ஓட்டையாக எடுத்துப் போட, ரயில்வே கேட் வரைக்கும் சண்டை. கேட் மூடியிருந்தால் சண்டைக்கு இன்னும் ஒரு ரவுண்டு கூடுதல். அந்தக் கேட் கீப்பர் ஒரு படமும் பார்க்காமலேயே எல்லாப் படத்துக்கும் கதை சொல்லுவார், எல்லாம் இதுகள் ரெண்டும் போட்ட சண்டையில் கேட்டதுதான்.

மற்ற நேரமெல்லாம் புருஷனை அவள் "நீங்க" என்றுதான் சொல்லுவாள். படச் சண்டையில் மட்டும் "நீ". "என்னய்யா தெரியும் ஒனக்கு, மாவரைக்கிற பயலே!" என்று அவள் கத்துவதைக் கேட்கத்தான் அவன் அத்தனை படத்துக்கும் கூடப் போனான் என்று நினைக்கிறேன். அவன் வாய் திறந்து அப்படிச் சொன்னதில்லை. சொல்லுகிற ரகமும் இல்லை அவன்.

பிறகு அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் 'கறுப்புத் துறை' படத்தின் டீசர் வந்தது. துறைமுகத்துக் கிரேன் உச்சியில், மழையில், கையில் அரிவாளோடு சூரியவேல் நிற்கிறான். கீழே நூறு பேர். "கடலே எங்கிட்ட கேட்டுட்டுத்தான்டா கரைக்கு வரும்" என்கிறான். அவ்வளவுதான் டீசர். அவள் அதைச் செல்போனில் ஓயாமல் போட்டுப் பார்த்தாள். நர்சுகளுக்கும் காட்டினாள். பெத்துராஜிடம் நீட்டி, "எப்படிங்க?" என்றாள். கடல் எப்படிட்டி ஒருத்தன்கிட்ட கேக்கும், அதுக்கென்ன வாயா இருக்கு என்று அவன் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. டாக்டர் அன்று காலையில் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது நெஞ்சில் கிடந்தது. "நல்லா இருக்கு புஷ்பம்" என்றான். அவள் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்படியா" என்று சொல்லிவிட்டுச் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

படம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது, அவளுக்கு அவ்வளவு நாள் இல்லை.

மன்றத்து ஆள் யாராவது படம் வருவதற்கு முன்னால் செத்துப்போனால் முதல் ஷோவில் அவருக்கு ஒரு சீட்டு விடுவது எங்கள் ஊர் வழக்கம். டிக்கெட்டை முறையாக எடுத்து, சீட்டில் போட்டோவைச் சாத்தி, மாலை போட்டு, கைப்பிடியில் ஒரு கலர் பாட்டிலும் சுண்டல் பொட்டலமும் வைப்பார்கள். 'கறுப்புத் துறை' வந்த அன்றைக்கும் மன்றச் செயலாளர் கனகவேல் தங்கபுஷ்பத்துக்கு அப்படி ஒரு சீட்டு விட்டான். பக்கத்துச் சீட்டில் பெத்துராஜை உட்கார்த்தி வைத்தான். விளக்கு அணைந்தது. திரையில் தீப்பிடித்த எழுத்தில் சூரியவேல் பேர் வந்தது. தியேட்டரே கத்தியது. அந்தச் சத்தத்தையெல்லாம் கிழித்துக்கொண்டு ஒரு விசில் வந்தது. கூரையில் இருந்த புறாக்கள் அத்தனையும் எழும்பின.

போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு தங்கபுஷ்பம் உட்கார்ந்திருந்தாள். எரித்த அன்று கட்டிவிட்ட மாம்பழக் கலர் சேலை, தலையில் கனகாம்பரம். பின் வரிசையில் இருந்த ஒருத்தன், "அக்கா, கொஞ்சம் சாஞ்சு உக்காருங்க, பூ மறைக்கி" என்றான். டிக்கெட் கிழிக்கிறவர் டார்ச் அடித்து ஓடி வந்தார். கனகவேல், "அண்ணாச்சி, டிக்கெட் எடுத்திருக்கு, சீட்டு நம்பரைப் பாத்துக்கிடுங்க" என்றான். டிக்கெட் இருந்தால் அப்புறம் என்ன பேச்சு, அவர் டார்ச்சை அணைத்துக்கொண்டு போய்விட்டார்.

பெத்துராஜ் அவள் கையைத் தொட்டுப் பார்த்தான். பெட்டி ஒட்டிக் காய்த்த அதே விரல். "ஏட்டி, வந்துட்டியா?" என்றான். "படத்தைப் பாருங்க. கிரேன் சீன் வரப்போவுது" என்றாள் அவள்.

கிரேன் சீன் வரவே இல்லை.

எப்படி வரும்? டீசருக்கென்று தனியாக எடுத்ததாம் அது. படத்தில் சூரியவேல் இடைவேளைக்குள்ளேயே அரிவாளைக் கடலில் போட்டுவிட்டு, திருந்தி, ஒரு கிராமத்துக்குப் போய்க் குடிதண்ணீரைப் பற்றி நீளமாகப் பேசினான். பேசிக்கொண்டே இருந்தான். அம்மாவை நினைத்து அழுதான். கடைசியில் அவன் தம்பியைக் கொன்ற வில்லன், ரெண்டரை மணி நேரமாக எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்த அந்தப் படுபாவி, போனில் பேசிக்கொண்டே ரோட்டைக் கடக்கும்போது லாரி அடித்துச் செத்துப்போனான். விதி வலியது என்று எழுத்துப் போட்டார்கள். விளக்கு எரிந்தது. சீட்டில் போட்டோ மட்டும்தான் இருந்தது, மாலை லேசாகக் கசங்கியிருந்தது.

மறு ஷோவுக்கும் வந்தாள். அதற்கு மறு ஷோவுக்கும் வந்தாள். டைட்டில் ஓடும்போது வருவாள், விளக்கு எரியும்போது போய்விடுவாள், தியேட்டர் வாசற்படியைத் தாண்டி அவளை யாரும் பார்த்ததில்லை. ஊர் கூடி யோசித்தது, நம்மூர் யோசனைதான், ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. தலைத்திவசம் கொடுக்கலாமா, ஆள்தான் வந்திருக்கிறாளே என்று நாத்தனார் கேட்டதற்கு, "தியேட்டருக்குள்ள இருக்கது தியேட்டர் பாடு, காக்காய்க்குச் சோறு வைக்கது வீட்டுப் பாடு, ரெண்டையும் போட்டுக் குழப்பாத" என்று பூசாரி தீர்த்துவிட்டார். இடைவேளையில் கேன்டீனிலிருந்து அவளுக்கு மட்டும் சீனி தூக்கலாக டீ போயிற்று. பொம்பிளைகள் வந்து, அங்கே எங்க அப்பாவைப் பார்த்தியா, எங்க சின்னவனைப் பார்த்தியா என்று கேட்டார்கள். "அங்க எல்லாம் டீசர் மாதிரிதான்க்கா. முகம் வரும், பேர் வரும், அம்புட்டுத்தான். முழுசா ஒன்னும் வராது" என்று சொன்னாள். கேட்டவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு, வந்ததுக்குப் படத்தையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கனகவேல் தியேட்டர் வாசலில் நின்று ஒவ்வொருத்தனுக்கும் சட்டம் சொன்னான். "எலேய், அக்கா முன்னாடி எவனும் படத்தை மொக்கைன்னு சொல்லக் கூடாது. செத்தும் விடாம வந்திருக்கு. மனசு நொந்துறக் கூடாது பாத்துக்கோ." ரசிகனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்? தலைவன் படம் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் வெளியில் வந்து தீ, வெறித்தனம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிற சாதிதானே. ஆளாளுக்கு வந்து, "அக்கா, படம் தீ!" என்றார்கள். "அந்தத் தண்ணி வசனம் இருக்கே, சான்சே இல்லக்கா." அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஒவ்வொரு ஷோவிலும் இந்தத் தடவை கிரேன் வரும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை மடக்கி வாய்க்குக் கொண்டுபோவாள், அடிக்க இடம் இல்லாமல் மடிக்கே திருப்பிக் கொண்டுவருவாள். புறாக்களும் பழையபடி கூரையில் நிம்மதியாக அடைந்துவிட்டன.

பெத்துராஜ் மில்லை அடைத்துப் போட்டுவிட்டான். ஊரில் தோசைக்கு மாவில்லை, மிளகாய்த்தூள் இல்லை. யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் குளித்து, சட்டையை மாற்றிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி வருவான். எல்லா ஷோவும் அவள் பக்கத்தில் இருப்பான். அவளும் ஒவ்வொரு இடைவேளையிலும் கேட்பாள்: "எப்படிங்க இருக்கு படம்?" அவனும் சொல்லுவான்: "நல்லாத்தான் இருக்கு புஷ்பம்." அவள் "அப்படியா" என்பாள். பொய் என்று அவனுக்கே தெரியும். ஆனால் என்ன செய்ய? படம் எல்லாருக்கும் பிடித்துப்போய்விட்டது என்று அவள் நினைக்கிறவரைக்கும் வருவாள், மனசு வெறுத்துவிட்டால் வராமல் போய்விடுவாள் என்று அவன் ஒரு கணக்குப் போட்டிருந்தான். பொய் சொல்லியாவது பொண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றால் எவன்தான் சொல்ல மாட்டான்?

ஆனால் படம் ஓட வேண்டுமே. வெளியூர்க்காரர்கள் முதல் நாளோடு சரி. உள்ளூர்க்காரர்கள் அவளுக்காகக் கொஞ்ச நாள் வந்தார்கள், அப்புறம் செத்தவளும் பழகிப்போனாள், உயிரோடு இருக்கிறவர்களையே தினம் போய்ப் பார்க்க நமக்கு நேரம் இருக்கிறதா. நைட் ஷோவை நிறுத்தினார்கள். பிறகு ஒரு நாள் மேனேஜர் பரமார்த்தலிங்கம் பெத்துராஜைத் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போனார்.

"மாப்ள, வியாழக்கிழமை மேட்னியோட எடுக்காங்க. வெள்ளிக்கிழமை புதுப்படம். அந்தப் பிள்ளைக்காக ஆள் இல்லாமலே ஓட்டிப் பாத்தேன். இனி என் கையில இல்ல."

"அண்ணாச்சி, ஒரு ஓரமா எங்க ரெண்டு பேருக்கு மட்டும்..."

"எங்க இருந்து போட? டிஸ்ட்ரிபியூட்டர் படத்தையே திருப்பிக் கேட்டுட்டான்" என்றார் அவர். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

வியாழக்கிழமை மேட்னியில் அந்தப் பெரிய தியேட்டரில் அவர்கள் ரெண்டு பேரும், கடைசி வரிசையில் கனகவேலும்தான் இருந்தார்கள். இடைவேளை விட்டது. அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"எப்படிங்க இருக்கு படம்?"

"நல்லாத்தான்..."

"ஆஸ்பத்திரியிலயும் இதைத்தான் சொன்னீக" என்றாள் தங்கபுஷ்பம். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து எந்தலைவனை ஒரு நாளாவது நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கீகளா? அன்னைக்கு டீசரைப் பாத்துட்டு நல்லா இருக்கு புஷ்பம்னீக. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, பொழைக்க மாட்டேன்னு. டாக்டர்கூட எங்கிட்ட அப்புறந்தான் சொன்னாரு. நீங்கதான் மொதல்ல சொன்னீக."

அவன் குனிந்துகொண்டான். சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு அழுதான்.

"இங்கயும் வந்து பாக்கேன், ஊர் பூரா நல்லா இருக்கு நல்லா இருக்குங்கு. நல்லா இல்லைன்னு ஒரு ஆள் சொன்னாத்தானே நான் அவன்கூட மல்லுக்கு நிப்பேன்? மல்லுக்கு நின்னாத்தானேங்க எனக்குப் படம் முடியும்? வீட்டுக்குப் போவாமலே எம்புட்டு நாள்தான் உக்காந்திருக்கது?"

"சண்டை போட்டா நீ போயிருவியாட்டி?"

அவள் யோசித்தாள். "போயிருவேன்னுதான் தோணுது" என்றாள். பொய் சொல்லத் தெரியாது அவளுக்கு.

இடைவேளை முடிந்து படம் ஓட ஆரம்பித்தது. பெத்துராஜ் வாயைத் திறக்கவில்லை. குடிதண்ணீர் வசனம் போயிற்று, அம்மா பாட்டுப் போயிற்று, அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தபடி இருந்தான். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் ஒரு பாட்டு, இன்னும் ஒரு சீன் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தான். அவள் இன்னமும், கடைசி ஷோவின் கடைசி ரீலிலும், கிரேனுக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. வில்லன் போனை எடுத்துக் காதில் வைத்தான், ரோட்டில் இறங்கினான், லாரி வந்தது.

"தூ!" என்றான் பெத்துராஜ். "இதெல்லாம் ஒரு படமாட்டி? வில்லனை லாரிக்காரன் கொல்லுதான்னா அப்புறம் ஒந்தலைவன் என்ன மயித்துக்கு? லாரி டிரைவருக்குக் கட்அவுட் வைங்கட்டி!"

கடைசி வரிசையில் கனகவேல் எழுந்து நின்றுவிட்டான்.

தங்கபுஷ்பம் மெல்லத் திரும்பினாள். அவள் முகத்தில் ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து காணாமல் போயிருந்த ஒரு வெளிச்சம் வந்தது.

"ஏய், என்னய்யா தெரியும் ஒனக்கு? மாவரைக்கிற பயலே! அது விதிய்யா, விதி! எழுத்துப் போடுதான்ல, படிக்கத் தெரியாதா ஒனக்கு?"

"விதி கொல்லும்னா ரெண்டரை மணி நேரம் நான் எதுக்குட்டி உக்காந்திருக்கணும்? வீட்ல இருந்தாலும் விதி கொல்லும்லா?"

விளக்கு எரிந்தது. அவள் போகவில்லை. சீட்டிலிருந்து எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையை நீட்டிப் பேசிக்கொண்டே அவன் பின்னால் வந்தாள். வாசற்படியைத் தாண்டினாள். டீக்கடையில் நின்றவர்கள் கிளாசோடு ஒதுங்கி வழிவிட்டார்கள். போஸ்டர் கிழித்துக்கொண்டிருந்தவன் ஏணியில் அப்படியே நின்றான். பெத்துராஜ் டிவிஎஸ்ஸை உதைத்தான், பின்னால் அவள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி ஒரு தாழ்வு தாழ்ந்தது. அந்தக் கனத்தை உணர்ந்தும் அவன் சண்டையை விடவில்லை.

"சரி, அந்தக் கிரேன் எங்கட்டி? கிரேனைக் காட்டித்தானே ஊரைக் கூட்டுனான்?"

"அது அடுத்த பாகத்துல வரும்யா!"

"அடுத்த பாகமா? இதுக்கா? எவன்ட்டி எடுப்பான்?"

"எடுப்பான்! எந்தலைவன் எடுப்பான்! ஒனக்கு என்ன எரியுது?" முதுகில் குத்து விழுந்தது. அவள் குத்தக் குத்த அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மிளகாய்க்கு அசையாத கண். பஜாரைத் தாண்டினார்கள், மாரியம்மன் கோயிலைத் தாண்டினார்கள், வாயில் வந்த ஓட்டையெல்லாம் அவன் எடுத்துப் போட்டான், அத்தனையையும் அவள் அடைத்தாள். வண்டியை எவ்வளவு மெதுவாக ஓட்டலாமோ அவ்வளவு மெதுவாக ஓட்டினான். ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்தக் கேட்டைக் கடவுள்தான் மூடியிருக்க வேண்டும் என்று அவன் நினைத்தான்.

வண்டி நின்றதும் அவள் பேச்சு நின்றது. அவன் முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

"ஒன்னு சொல்லவாங்க?"

அந்த "ங்க" காதில் விழுந்ததும் சண்டை முடிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. "சொல்லாத" என்றான்.

"மொக்கைதாங்க படம்" என்றாள் தங்கபுஷ்பம். "படு மொக்கை. செத்த பெறவும் போவாம இதுக்கா காத்துக் கெடந்தேன்? எப்படியெல்லாம் நெனச்சிருந்தேன் தெரியுமா... அந்தக் கிரேன்ல அவன் ஒத்தையில நிப்பான்னு." அவள் அழுதாள். வாழ்நாளில் ஒரு படத்துக்கும் அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. பிறகு அழுகைக்கு நடுவில் சிரித்தாள். "லாரியாம் லாரி."

அவனும் சிரித்துவிட்டான். ரயில் வந்தது. பாசஞ்சர்தான், பெட்டி பெட்டியாகக் கடகடவென்று போயிற்று. அந்தச் சத்தத்துக்குள், அவள் ஏறினபோது தாழ்ந்த வண்டியின் பின்பக்கம் மெதுவாக மேலே எழும்பியது.

கேட் திறந்தது. பெத்துராஜ் நகரவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"யாருட்டி மொக்கைன்னு சொன்னா? நல்ல படம்! தீ மாதிரி படம்! ஒனக்கு என்னட்டி தெரியும், பெட்டி ஒட்டுற கழுதை? அந்தத் தண்ணி வசனம் ஒன்னு போதாதா? சொல்லு! வாய் இருக்குல்லா, சொல்லேன்!"

கேட் கீப்பர் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். பின்னால் ஒரு லாரி, ரெண்டு ஆட்டோ, ஒரு டவுன் பஸ் நின்றன. ஒருத்தரும் ஹாரன் அடிக்கவில்லை. அந்தப் படத்தில் இருக்கிற நல்லதையெல்லாம், இல்லாத நல்லதையும் சேர்த்து, அவன் ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் கொஞ்சம் நிறுத்தி, பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.